அத்தாவுக்கு மட்டும் ஒரு சுவிட்ச்

அத்தாவின் போன் என் ஆபீஸ் மேஜை இழுப்பறையில் இருக்கிறது. உறையைத் திறந்தால் இன்னும் பெருங்காய வாசனை. காந்தி மார்க்கெட் பக்கம் மளிகைக் கடை வைத்திருந்தவரின் போன் வேறு எப்படி மணக்கும்? கடைக்காரர்கள் பில் போடுவதற்காக நாங்கள் செய்த செயலி அதில் இருக்கிறது. திரையின் மூலையில் பச்சை நிறத்தில் ஒரு பட்டன்: 'மகளைக் கூப்பிடு'. அந்தச் செயலி திருச்சியில் எத்தனையோ கடைகளில் ஓடுகிறது. அந்தப் பட்டன் இந்த ஒரு போனில் மட்டும்தான் இருந்தது.

புதிதாகச் செய்யும் எதையும் நாங்கள் எல்லோருக்கும் ஒரே நாளில் திறந்துவிட மாட்டோம். புது வசதி எல்லாப் போன்களுக்கும் போய்ச் சேர்ந்துவிடும், ஆனால் மூடியே கிடக்கும். யாருக்கு எப்போது திறப்பது என்பதற்கு எங்களிடம் ஒரு சுவிட்ச் உண்டு. ஃபீச்சர் ஃப்ளாக் என்பது அதன் பெரிய பெயர். எங்கள் ஆபீஸில் வெறும் சுவிட்ச்தான். காலையில் அத்தாவின் கடைக்கு மட்டும் திறப்போம். மதியம் லுஹர் தொழுகைக்கு அவர் எழுந்து போகும்வரை போன் வராவிட்டால் எல்லாம் சரி என்று அர்த்தம். அடுத்து ஸ்ரீரங்கத்துக் கடைகள், அதற்கும் அடுத்து மணப்பாறை வரைக்கும் எல்லோரும். அவரை முதல் இடத்தில் நிறுத்தியது நான்தான். குறை கண்டுபிடிப்பதில் அவரை மிஞ்ச ஊரில் ஆள் கிடையாது. அம்மாவின் சமையலில் பல வருடம் பயிற்சி எடுத்தவர்.

பெரும்பாலும் போன் வந்துவிடும். ஸலாம் சொல்லி முடித்த அதே மூச்சில் ஆரம்பிப்பார். "நேத்து இங்க இருந்த பட்டனை இன்னைக்கு எங்கம்மா ஒளிச்சு வச்சீங்க? கடையில ஆள் நிக்கிறாங்க." ஒருமுறை எங்கள் புகார் எண்ணுக்குக் கூப்பிட்டுவிட்டு, ஒன்றை அழுத்து, இரண்டை அழுத்து என்று அது சொன்னதில் கோபம் தலைக்கேறிவிட்டது. மிஷினோடு பேசவா நான் கடை வைத்திருக்கிறேன் என்று கேட்டார். அதற்காகத்தான் அந்தப் பச்சை பட்டனைச் செய்தேன். தொட்டால் நேராக என் போன் அடிக்கும். அதற்கும் ஒரு சுவிட்ச் போட்டு, அவர் கடைக்கு மட்டும் திறந்துவைத்தேன். என்னிடம்தான் இத்தனை குறை. பக்கத்துக் கடைக்காரர்களிடம், எது வந்தாலும் முதலில் நம்ம கடைக்குத்தான் வரும் என்று பெருமையடித்துக்கொண்டிருந்தாராம். ஜனாஸா அடக்கத்துக்கு வந்தவர்கள் சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

கடையில் உட்கார்ந்திருந்தபோதே மாரடைப்பு. துபாயிலிருந்து அண்ணன் வந்து, ஷட்டரை இறக்கிப் பூட்டிவிட்டு, லீவு முடிந்து திரும்பிப் போனான். அம்மா, கணவனை இழந்தவர்கள் இருக்கும் இத்தாவில் இருந்தபடியால் காட்டூர் வீட்டை விட்டு வெளியே வரவில்லை. நான் மட்டும் வேலைக்குத் திரும்பினேன்.

திரும்பிய வாரமே ஒரு புது வசதியைத் திறக்க வேண்டியிருந்தது. முதல் இடத்தில் இருந்த கடையை மாற்ற யாருக்கும் தோன்றவில்லை. வழக்கம்போலக் காலையில் அத்தாவின் கடைக்குத் திறந்தது சுவிட்ச், பூட்டிக் கிடந்த கடைக்கு. மதியம், ஸ்ரீரங்கத்துக் கடைகளைப் பார்த்துக்கொள்ளும் நண்பர் என் மேஜைக்கு வந்தார். "போன் வரலைங்க. அப்ப எல்லாம் சரிதானே, ஸ்ரீரங்கத்துக்குத் திறந்திடட்டுங்களா?" என்றார். வாய்ப் பழக்கம். சொல்லி முடித்த பிறகுதான் அவருக்கே உறைத்தது. அவர் கண் கலங்கியதைப் பார்த்த பிறகு என்னாலும் அடக்க முடியவில்லை. போன் வராவிட்டால் எல்லாம் சரி என்று இத்தனை காலம் நம்பியிருந்தோம்.

அவரே மாற்றிவிடுவதாகச் சொன்னார். வேண்டாம் என்று சொல்லி, நானே அத்தாவை முதல் இடத்திலிருந்து எடுத்தேன். தெற்குச் சித்திரை வீதியில் பூஜைச் சாமான் கடை வைத்திருப்பவர் இப்போது முதல் கடை. நல்ல மனிதர். குறையே சொல்ல மாட்டார். எனக்கு அதுதான் வருத்தம்.

பச்சை பட்டனின் சுவிட்சை மட்டும் தொடவில்லை. அந்தப் போனுக்கு ரீசார்ஜ்கூடச் செய்துகொண்டிருந்தேன். ஆனால் பயன்படாத சுவிட்சுகளை விட்டுவைத்தால் என்றைக்காவது எங்காவது இடிக்கும் என்பதால், அவ்வப்போது உட்கார்ந்து களைவது எங்கள் வழக்கம். இந்த முறை அதுவும் கணக்கில் வந்துவிட்டது. ஒரே ஒரு கடைக்குத் திறந்திருக்கும் சுவிட்ச். அந்தக் கடையும் இல்லை.

இன்று காலை இழுப்பறையிலிருந்து போனை எடுத்து, சுவிட்சைக் களைவதற்கு முன் பட்டன் வேலை செய்கிறதா என்று பார்க்க வேண்டுமே என்று எனக்கு நானே சாக்குச் சொல்லிக்கொண்டு, பட்டனைத் தொட்டேன். மேஜைமேல் என் போன் அடித்தது. திரையில் 'அத்தா' என்று வந்தது. அவர் இருந்தபோது இரண்டாவது மணிக்குள் எடுத்துவிடுவேன். தாமதமானால் அதற்கும் ஒரு புகார் வரும். இன்று அடித்து ஓயும்வரை பார்த்துக்கொண்டே இருந்தேன்.

பிறகு சுவிட்சை மூடினேன். அத்தாவின் போனில் பச்சை பட்டன் மறைந்தது. இப்போது அதுவும் மற்றக் கடைக்காரர்களின் போனைப் போலத்தான் இருக்கிறது.