ஸ்வெட்டர் அக்காவும் கலங்கிய புரதமும்

ஊரே வெயிலில் வெந்துகொண்டிருக்கும்போது, கழுத்துவரை பொத்தான் போட்ட ஸ்வெட்டரோடு எங்கள் கம்பெனி வாசலில் நின்று டீ குடிப்பார் ஸ்வெட்டர் அக்கா. போகிற வருகிறவர்கள் ஒரு மாதிரியாகப் பார்ப்பார்கள். "உள்ள போனா திரும்ப மாட்டணும். அதுக்கு யாரு மெனக்கெடுறது?" என்பார் அக்கா. உள்ளே என்றால் குளிரறை. ஃபிரிட்ஜுக்குள் நாற்காலி போட்டு உட்கார்ந்த மாதிரி இருக்கும்.

நம் உடம்பின் செல்களுக்குள் மைட்டோகாண்ட்ரியா என்ற குட்டி அடுப்புகள் எரிகின்றன. அந்த அடுப்பில் வேலை பார்க்கும் புரதங்களைச் செய்வதுதான் அக்காவின் பிழைப்பு. மனித மரபணுவின் துண்டு ஒன்றை பாக்டீரியாவுக்குள் செருகி, அதன் தலையில் வேலையைக் கட்டி, அது செய்து வைத்ததைச் சுத்தம் பண்ணி எடுப்பார். குடுவைகளைக் குலுக்கும் இயந்திரத்தின் முன் நின்றால் அவர் தலையும் சேர்ந்து ஆடும். கடைசியில் தேறுவது சின்னக் குழாயில் சில சொட்டு. அதில் 'ஆராய்ச்சிக்கு மட்டும்' என்று லேபிள் ஒட்டி, ஐஸ் வைத்துப் பார்சல் கட்டுகிறவன் நான். "தம்பி, பூ மாதிரி வை," என்பார். எவ்வளவு பூவாக வைத்தாலும் ஒரு முறைப்பு உண்டு.

எதையும் அரைகுறையாக விடுவது அவருக்கு ஆகாது. சினிமாக் கதை சொன்னால் பெயர் போடுவதிலிருந்து ஆரம்பிப்பார். அவர் வீட்டுக்காரர் தையல்காரர். "என் பேண்ட் எல்லாத்துக்கும் கீழ நாலு மடிப்பு. துணிய வெட்டக் கூடாதாம். தையல்காரன் பொழப்பப் பாத்தீங்களா?" என்று என்னிடமே புலம்பியிருக்கிறார்.

அந்தக் குணம்தான் ஒருமுறை அக்காவின் காலை வாரியது. பிள்ளைகளின் தசையைத் தளர வைக்கும் ஒரு நோயைப் பற்றி ஆராயும் பெண்மணி, எங்கும் கிடைக்காத ஒரு புரதத்தை எங்களிடம் கேட்டிருந்தார். அது இல்லாமல் அவர் ஆராய்ச்சி நகராது. அக்கா செய்தார். கலங்கி, கட்டி தட்டி, சுண்ணாம்பு போல் அடியில் படிந்தது. மறுபடி செய்தார். மறுபடியும் சுண்ணாம்பு. பாக்டீரியாவைத் திட்டினார், இயந்திரத்தைத் திட்டினார். "நீ எட்டிப் பாத்த அன்னிக்கெல்லாம் இப்படித்தான் ஆவுது," என்று என்னையும் விடவில்லை.

மேனேஜர் வந்து முடிவாகச் சொல்லிவிட்டார். "இன்னும் ஒரு தடவை பாருங்கம்மா. வரலன்னா முடியாதுன்னு சொல்லிடலாம்."

"அந்தம்மா நம்மள நம்பி உக்காந்திருக்காங்க சார்," என்றார் அக்கா.

இரண்டு நாள் கழித்து என் மேசைக்கு வந்து தொப்பென்று உட்கார்ந்தார். "தப்பு என்மேலதான் தம்பி."

இந்தப் புரதம் மைட்டோகாண்ட்ரியாவுக்கு வெளியே உருவாகிறதாம். உள்ளே போக வழி காட்டுவதற்கு அதன் முனையில் ஒரு துண்டு ஒட்டியிருக்கும். போய்ச் சேர்ந்ததும் உடம்பே அதை நறுக்கிவிடும். மற்றப் புரதங்களை அக்கா அந்தத் துண்டை நீக்கித்தான் செய்வார்.

"இது நோவுல கெடக்குற பிள்ளைங்க விஷயமாச்சே, ஒண்ணும் கொறையக் கூடாதுன்னு முழுசா போட்டுட்டேன். வாசல்ல விட வேண்டிய செருப்ப வீட்டுக்குள்ள போட்டுக்கிட்டு திரிஞ்சா? ஒண்ண ஒண்ணு மிதிச்சு விழாம என்ன செய்யும்?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவரும் சிரித்தார். சிரித்துக்கொண்டே ஸ்வெட்டர் கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். எனக்கு அன்று அவரை ரொம்பவும் பிடித்துப்போனது.

துண்டை நீக்கிய மரபணுவை வரவழைத்து, முதலிலிருந்து தொடங்கினார். வேலை முடிந்த அன்று மேனேஜர் குளிரறைக் கதவருகிலேயே நின்றிருந்தார். அவருக்கு மெதுவாகப் பேச வராது. "என்னம்மா, தேறுமா தேறாதா?"

அக்கா ஐஸ் வாளியோடு வெளியே வந்து, அதை என் மேசைமேல் வைத்தார். உள்ளிருந்து குழாயை எடுத்து, மேனேஜரின் சட்டைக்கு முன்னால் பிடித்தார். சட்டையின் நீலக் கோடுகள் குழாய்க்குள் பளிச்சென்று தெரிந்தன. பையோரத்து மைக்கறைகூடத் தெரிந்தது.

"அட, வந்துடுச்சே," என்று கட்டடம் முழுக்கக் கேட்கும்படி சொல்லிக்கொண்டு மேனேஜர் கையை நீட்டினார்.

அக்கா குழாயைத் திரும்பவும் ஐஸில் படுக்க வைத்தார். அதன்மேல் உள்ளங்கையைக் குடையாகப் பிடித்துக்கொண்டு, மேனேஜரைப் பார்த்து மற்றக் கையின் விரலை உதட்டில் வைத்தார்.