ஊறுகாய் ஆல்பமும் டேனியலின் தொண்டையும்

போன வாரம் சிதம்பரத்தில் ஒரு கல்யாண வரவேற்பு. கை கழுவப் போனவன் வழி மாறிச் சமையல்கட்டுக்குள் நுழைந்துவிட்டேன். புளி போட்டுத் தேய்த்துக் கவிழ்த்த அண்டாக்களின் ஈர வாசனை மூக்கில் ஏறியதும் அடக்க முடியாமல் சிரித்துவிட்டேன். சமையல்காரர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். அவரிடம் எப்படிச் சொல்வது, எங்கள் ராக் பேண்டின் இரண்டு ஆல்பங்களும் இந்த வாசனையில்தான் பதிவாயின என்று?

பேண்டின் பெயர் 'மூணாவது பந்தி'. பாயசம் தீர்ந்த பிறகு உட்காருகிறவர்கள் என்று அர்த்தம். ஆரம்பித்தவன் டேனியல். பாட்டு, கிட்டார், எங்கள் மூன்று பேருக்கும் சேர்த்துத் தைரியம், எல்லாம் அவன்தான். டிரம்ஸ் முரளி, சிதம்பரத்திலிருந்து டிரம்மை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வருவான். ஒருமுறை கண்டக்டர் கேட்டாரென்று பரங்கிப்பேட்டை வரை வாசித்துக்கொண்டே வந்தானாம். நான் பேஸ் கிட்டார், ரெக்கார்டிங், அப்புறம் யாரும் கேட்காத யோசனைகள்.

கடலூர் மஞ்சக்குப்பத்தில் ஒரு மண்டபத்துக்கு முரளியின் மாமா மேனேஜர். ஆடியிலும் மார்கழியிலும் கல்யாணம் கிடையாதல்லவா, அந்த இரண்டு மாதமும் சமையல்கட்டு எங்களுக்கு. மற்ற மாதங்களில் நாங்கள் சாதாரண மனிதர்கள். ஆடியில் முதல் ஆல்பத்தை முடித்து 'இலை' என்று பெயர் வைத்தோம். அதில் இடம் கிடைக்காத ஏழு பாட்டுகள் மிச்சம் இருந்தன. மார்கழி பிறந்ததும் அண்டா மேல் ஏறி உட்கார்ந்து டேனியல் அறிவித்தான்.

"இலை போட்டா ஊறுகா வெக்கணும் மச்சான். இந்த ஏழும் அதுக்குத் துணை ஆல்பம். பேரு ஊறுகா."

நாங்கள் கைதட்டி முடிப்பதற்குள் அடுத்ததையும் சொன்னான்.

"தை பொறந்தா பெங்களூரு போறேன். வேல கெடச்சிருச்சி. ஆனா ஊறுகாய முடிக்காம போவ மாட்டேன்."

இந்தக் கடைசி வாக்கியம் மட்டும்தான் என் காதில் விழுந்தது. முடித்தால்தானே போவான்? அவன் இல்லாத பேண்டை நினைத்துப் பார்க்கவே எனக்குப் பயமாக இருந்தது. முடிக்காமல் பார்த்துக்கொள்வது என்று முடிவு செய்தேன்.

ஆறு பாட்டுகள் ஒரே வாரத்தில் முடிந்து தொலைந்தன. ஏழாவதற்கு டேனியலின் குரல் மட்டும் பாக்கி. ஹெட்போனை மாட்டிக்கொண்டு முகத்தைச் சுளித்தேன். "என்னமோ இரைச்சல் வருதுடா, இன்னொருவாட்டி பாடு." இரைச்சலும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. முதல் நாள் பழியை ஃபிரிட்ஜ் மேல் போட்டேன். அதை அணைத்தார்கள். மறுநாள் டியூப்லைட். அதற்கடுத்த நாள் வாய் கூசாமல், திருவந்திபுரம் கோயில் ஸ்பீக்கர் கேட்கிறது என்றேன்.

மேனேஜர் மாமா மிரண்டுவிட்டார். "அது எங்க இருக்குது, நாம எங்க இருக்கோம்? உனக்கு இருக்குறது காதாடா?"

டேனியல் மட்டும் கோபப்படவே இல்லை. அதுதான் எனக்கு ஆச்சரியம். போதாக்குறைக்கு அவன் தொண்டையும் என் பக்கம் சேர்ந்துகொண்டது. திருவாதிரைக்கு முரளி வீட்டிலிருந்து தூக்கில் களி வந்தது. வெல்லமும் ஏலக்காயும் மணக்கிற அந்தக் களியை, பாடுவதற்கு ஒரு நிமிஷம் முன்னால் மூன்று கரண்டி விழுங்கிவிட்டு மைக் முன்னால் விக்கினான். மறுநாள் ஐஸ்கிரீம். அதற்கு மறுநாள் கடைசி வரியில் சுருதி வழுக்கியது. கடவுள் என் கட்சி என்று நினைத்துக்கொண்டேன்.

போகியன்று காலை தெருவெல்லாம் பழைய பாய் எரிகிற புகை. தை முகூர்த்தங்களுக்காக மண்டபத்துக்கு வெள்ளையடிக்க ஆட்கள் வந்துவிட்டார்கள். அன்று சாயங்காலம் டேனியலுக்கு பெங்களூர் பஸ். நாங்கள் உள்ளே போனபோது முரளி லேப்டாப் முன்னால் உட்கார்ந்திருந்தான். பதிவான அத்தனையையும் வரிசையாகக் கேட்டிருக்கிறான்.

"எதுலயுமே இரைச்சல் இல்லியேடா," என்றான் என்னைப் பார்த்து. நான் கிட்டாரைத் துடைக்க ஆரம்பித்தேன்.

"இதயும் கேளு," என்று ஒன்றை ஓடவிட்டான். களி தின்ற நாள். நான் ரெக்கார்டிங்கை நிறுத்த மறந்து டீக்குப் போயிருக்கிறேன். டேனியலின் குரல் தெளிவாக, துளி விக்கல் இல்லாமல் கேட்டது. "இன்னிக்கு விக்குற மாதிரி நடிச்சி இழுத்துட்டேன் மாமா. போவ மனசே வரல. அவன்கிட்ட சொல்லிடாதீங்க."

டேனியல் என்னைப் பார்த்தான். நான் அவனைப் பார்த்தேன்.

முரளி எழுந்துவிட்டான். "சரியா வாசிச்சவன் நான் ஒருத்தன்தான்டா! டிரம்ஸ் வேல முடிஞ்சப்புறமும் தெனம் சிதம்பரத்துலேர்ந்து இதுக்கா வந்தேன்?"

சிரித்தோம் பாருங்கள், வெள்ளையடிப்பவர் வாளியோடு வந்து எட்டிப் பார்த்தார். முரளியும் கடைசியில் அண்டாவைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். சிரிப்பு அடங்கியதும் டேனியல் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "ஒரேவாட்டி, ஒழுங்கா பாடிடுறேன்," என்றான். பாடினான். ஓர் இடத்தில்கூட வழுக்கவில்லை. ஏதாவது சொல்வேன் என்று என் முகத்தையே பார்த்தான். சொல்ல ஒன்றுமே இல்லை. அவ்வளவு சுத்தமாக இருந்தது.

அந்த மண்டபம் இப்போது ஏசி. மார்கழியிலும் பிறந்தநாள், கம்பெனி மீட்டிங் என்று ஒரு நாள்கூடக் காலியில்லை. முரளி கடை வைத்திருக்கிறான். டேனியல் வாட்ஸ்அப்பில் பண்டிகைக்குப் படம் அனுப்புகிறான். யாரைப் பார்க்கப் போனாலும் ஐந்து நிமிஷத்தில் வந்த வேலை முடிந்துவிடுகிறது. யாரும் இழுப்பதில்லை, நானும்தான். என்னோடு இன்னும் ஒரு நாள் இருப்பதற்காக ஒருவன் வேண்டுமென்றே தப்பாகப் பாடினான். அப்படி எனக்காகத் தப்பு செய்ய இன்று யாரும் இல்லை.