ஆள் தேடி வரும் மிஸ்ஸி

எவர்சில்வர் கோப்பை ஒன்று, அதற்குள் ஒரு சின்னக் கரண்டி. வாட்டுத் தாதி மிஸ்ஸியை நினைத்தால் முதலில் கண்ணுக்குள் வருவது அதுதான். ஆஸ்பத்திரியில் நான் மருந்து கொடுக்கும் பகுதியில் வேலை செய்தேன். வரிசை வாசல்வரை நீண்டு, ஆளாளுக்கு மருந்துத் துண்டை நீட்டிக்கொண்டு நிற்கும் நேரம் பார்த்துத்தான் பின்கதவில் அவர் வந்து நிற்பார். கையில் அந்தக் கோப்பை இருந்தால் விஷயம் எனக்கு விளங்கிவிடும். "தங்கச்சி, ஒருக்கா வந்திட்டுப் போறீங்களா? ஒராள் போகப்போறார். சொந்தக்காரர் ஒருத்தரையும் காணல்ல," என்பார். எனக்கு எரிச்சல் வரும். வரிசையில் நிற்பவர்களுக்கு என்னைவிட அதிகமாக வரும். ஆனாலும் எழும்பிப் போய்விடுவேன்.

உயிர் பிரியும் நேரத்தில் காதருகே கலிமாச் சொல்லிக் கொடுத்து, நாவில் இரண்டு சொட்டுத் தண்ணீர் விடுவது எங்கள் வழக்கம். இறைவன் ஒருவனே என்று சாட்சி சொல்லும் அந்த வரியோடு போய்ச் சேர வேண்டும் என்பது மருதமுனையில் பிறந்த எனக்கும் உள்ள ஆசைதான். மிஸ்ஸியோ கல்முனைத் தமிழ்ப் பக்கத்து வேதக்காரி, கிறிஸ்தவப் பெண். ஞாயிற்றுக்கிழமை வேலை இல்லையென்றால் வெள்ளைச் சேலை உடுத்துக் கோயிலுக்குப் போவார். வேலை என்றால் முகம் சுளிக்காமல் வாட்டுக்கு வருவார். அதற்கு மேல் தன் மார்க்கத்தைப் பற்றி அவர் கதைத்தது குறைவு.

அந்த நாட்கள் நல்ல நாட்களல்ல. தமிழர் தெருவுக்குள் போக முஸ்லிம்கள் நாங்களும், எங்கள் தெருவுக்குள் வர அவர்களும் யோசித்த சண்டைக் காலம். பாதை பூட்டிவிட்டால் நோயாளியின் வீட்டார் நேரத்துக்கு வந்து சேர முடியாது. அப்படித் தனித்துக் கிடப்பவர்களுக்காகத்தான் மிஸ்ஸி வாட் வாட்டாக அலைந்தார். நான் அகப்படாவிட்டால் எங்கள் ஆட்களில் வேறு யாராவது ஒரு ஊழியர். அதுவும் இல்லாவிட்டால் பக்கத்துக் கட்டில் நோயாளியையே சேலைன் போத்தலோடு எழுப்பிக் கூட்டி வந்துவிடுவார். சைவ ஆட்களுக்குத் திருநீறு பூசிவிடக் காரைதீவுப் பெண் ஒருத்தியைச் சொல்லி வைத்திருந்தார். வந்தவர் சொல்ல வேண்டியதைச் சொல்லி முடிக்கும்வரை கட்டிலின் கால்மாட்டில் கண்ணை மூடிக்கொண்டு நிற்பார். அவருடைய ஜெபம் அது. சத்தமே வராது.

ஒருநாள் கேட்டே விட்டேன். "மிஸ்ஸி, கேட்டுக் கேட்டு உங்களுக்கும் கலிமா பாடம்தானே. நீங்களே சொன்னா என்ன? எனக்கும் வேல மினக்கேடு இல்ல."

அவர் சிரித்தார். "பாடம்தான் தங்கச்சி. ஆனா நான் நம்புறது வேற. என்ட வாயால சொன்னா அது பொய்யாப் போயிடும். சாகிற மனிசனுக்குப் பொய் சொல்லலாமா?"

அதற்குப் பிறகு நான் அந்தக் கதையை எடுக்கவில்லை.

எல்லோரும் அவரை விளங்கிக்கொண்டார்கள் என்று சொல்ல மாட்டேன். சாய்ந்தமருதிலிருந்து ஓடி வந்த ஒரு மகன், தன் வாப்பாவின் வாயில் மிஸ்ஸி தண்ணீர் விடுவதைக் கண்டு வாட்டே அதிரச் சத்தம் போட்டான். "எங்கட வாப்பாவ என்ன செய்யிறீங்க? உங்கட வேதத்துக்கு எடுக்கப் பாக்கிறீங்களா?" மிஸ்ஸி கோப்பையை அவன் கையில் கொடுத்தார். "வெறும் தண்ணிதான் மகன். நீங்க வரல்ல என்டுதான் நான் விட்டன். வாப்பாக்கு இன்னும் காது கேக்குது. கிட்டப் போய் மெதுவாச் சொல்லுங்க." அவன் குனிந்தான். அழுதழுது சொன்னான். மிஸ்ஸி அடுத்த கட்டிலுக்குக் காய்ச்சல் பார்க்கப் போய்விட்டார்.

மிஸ்ஸி ஓய்வு பெற்றதும் அவருடைய மகன் அவரைக் கனடாவுக்கு எடுத்துக்கொண்டான். நத்தார், அதாவது கிறிஸ்மஸுக்கு நான் போனில் கூப்பிடுவேன், பெருநாளுக்கு அவர் கூப்பிடுவார். போன நத்தாருக்கு யாரும் எடுக்கவில்லை. அவர் மௌத்தாகி அடக்கமும் முடிந்த செய்தி பிறகு யாரோ சொல்லித்தான் தெரிய வந்தது. அன்றிலிருந்து ஒரே கேள்வி என்னை அரித்துக்கொண்டிருந்தது. ஊரெல்லாருக்கும் ஆள் தேடிய மனுசிக்கு அந்தப் பனி நாட்டில் யார் ஆள் தேடினார்கள்? காதருகே அவருடைய மொழியில், அவருடைய வேதத்தில் ஒரு சொல் சொல்ல யாராவது இருந்தார்களா? சோறு தின்னும்போதும் அதே நினைவு. மிஸ்ஸியை நான் இவ்வளவு தேடுவேன் என்று எனக்கே தெரியாது.

அண்மையில் என் மச்சியைப் பார்க்க அதே வாட்டுக்குப் போயிருந்தேன். இளம் தாதி ஒருத்தி வந்து, "ராத்தா, அந்தக் கட்டில் ஐயாக்குக் கலிமாச் சொல்லிக் குடுக்க ஏலுமா? வீட்டாக்கள் வந்துக்கிட்டிருக்காங்க," என்றாள். தம்பிலுவில் பிள்ளை, நெற்றியில் பொட்டு. சொல்லிக் கொடுத்துவிட்டு வந்து, இது யார் பழக்கினது என்று கேட்டேன். "தெரியா ராத்தா. இந்த வாட்டில எப்பவும் இப்பிடித்தானாம்," என்றாள். மிஸ்ஸியின் பெயரைச் சொல்ல வாய் வந்தது. அழுதுவிடுவேன் என்ற பயத்தில் மச்சியின் கட்டிலுக்குத் திரும்பிவிட்டேன்.

போன மாதம் மிஸ்ஸியின் மகன் கல்முனைக்கு வந்தான். ஒருநாள் பின்னேரம் அஸர் தொழுகைக்குப் பிறகு என் வீட்டுக்கும் வந்தான். தேத்தண்ணி கொடுத்தேன். அவன் தொடவில்லை. என் கேள்வியை நான் முதலில் கேட்டேன்.

"நான் பக்கத்திலதான் இருந்தன் அன்ரி. தமிழ்ப் பாஸ்டர் வந்து ஜெபம் பண்ணினவர். அம்மா கேட்டுக்கொண்டுதான் கிடந்தவ."

அல்ஹம்துலில்லாஹ் என்றேன். இத்தனை நாள் நெஞ்சில் கிடந்த பாரம் இறங்கியது. ஆனால் அவன் முகம் தெளியவில்லை.

"பாஸ்டர் முடிச்ச பிறகு அம்மா கண்ணத் திறந்து, 'கலிமாச் சொல்ல ஆள் வந்திட்டா?' என்டு கேட்டவ. திரும்பத் திரும்ப அதையேதான் கேட்டவ. பாஸ்டருக்கு ஒன்டும் விளங்கல்ல. எனக்கு விளங்கிச்சு. ஒருத்தரிட்டயும் சொல்லல்ல." தேத்தண்ணியைத் தள்ளி வைத்தான். "உண்மையச் சொல்லுங்க அன்ரி. அம்மா உங்கட மார்க்கத்துக்கு மாறினவவா? நான் அவவப் பிழையாவா அடக்கினன்?"

இத்தனை மாதமும் அந்தப் பிள்ளை இதைச் சுமந்துகொண்டு திரிந்திருக்கிறான். வாட்டில் நடந்த எதையும் அவனிடம் மிஸ்ஸி ஒருநாளும் சொன்னதில்லை. நான் எழும்பிப் போய் அவன் பக்கத்தில் இருந்தேன்.

"இல்ல மகன். வாட்டில எங்கட ஆக்கள் தனியாப் போகக்குள்ள, அம்மா தன்ட வாயால கலிமாச் சொல்லாம, சொல்ல ஆள் தேடித்தான் வருவா. அவ வேதக்காரியாவேதான் போயிருக்கா. அதனாலதான் அதக் கேட்டிருக்கா."