அப்பாவின் முட்டிக்குள் புரட்டாசிச் சேவல்

தாம்பரம் ஸ்டேஷன் படிக்கட்டில் பாதியிலேயே முட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றுவிடும் என் அப்பாவை, கெஞ்சிக் கூத்தாடி இன்று ஊசி போட அழைத்துப் போனோம், அம்மாவும் நானும்.

டாக்டர் விளக்கினார்: "ஹயலுரானிக் ஆசிட் சார். மூட்டுக்குள்ள இயற்கையாவே இருக்கிற வழவழப்புதான். உங்களுக்குக் குறைஞ்சிடுச்சு, அதான் வெளியில இருந்து போடறோம்."

அப்பா வேட்டியை ஏற்றிவிட்டுக் கட்டிலில் படுத்தார். நான் சும்மா இருந்திருக்கலாம்.

"அப்பா, இதைச் சேவல் கொண்டையில இருந்து எடுப்பாங்க. நெட்ல போட்டிருக்கு."

ஊசி நெருங்குவதற்குள் அப்பா கீழே இறங்கிவிட்டார்.

"புரட்டாசி மாசம்டா! முட்டை போட்ட கேக்கையே தொடாம இருக்கேன். முட்டியில சேவலா?"

அம்மா என்னை முறைத்தாள். டாக்டர் சிரித்துவிட்டார்.

"அப்படியும் எடுப்பாங்க சார். ஆனா இது பாக்டீரியாவை வளர்த்து எடுத்தது. தயிர் சாப்பிடுறீங்கல்ல? அதுலயும் பாக்டீரியாதான்."

தயிர் என்றதும் அப்பா சமாதானமாகி ஊசி போட்டுக்கொண்டார். என்னிடம் மட்டும், "முட்டி சரியாகட்டும், உனக்கு இருக்கு" என்றார்.

பலன் தெரியச் சில வாரம் ஆகுமாம். அதுவரை அவரால் என்னைத் துரத்த முடியாது.

அதற்குப் பிறகு ஒளிய, பெருங்களத்தூர் பக்கம் யார் வீட்டில் இடம் இருக்கிறது மக்களே?