கொர்னேலியஸ் பார்க்கப் போன மூன்று சுவர்கள்

ஷா ஆலத்தில் ஓர் அலுவலகச் சுவரில் இருந்த ஓட்டையை ஒருமுறை கொர்னேலியஸ் அடைத்தார். அதில் குடியிருந்த பல்லி அப்போது வெளியே போயிருந்தது. திரும்பி வந்து மூன்று நாள் அந்தச் சுவரிலேயே மேலும் கீழுமாக அலைந்ததாம், தன் வாசலைக் காணாமல். நாலாம் நாள் மனம் வெறுத்துப் பக்கத்து அலுவலகத்துக்குக் குடிபெயர்ந்துவிட்டது. சொன்னால் சிரிக்கிறார்கள். சந்தேகம் இருப்பவர்கள் பல்லியைக் கேட்டுக்கொள்ளலாம்.

கொர்னேலியஸ் பிரிக்ஃபீல்ட்ஸ் ரயில்வே குடியிருப்பில் பிறந்தவர். அப்பா ரயில்வே கேட் காவலர். மூன்றாம் படிவத்தோடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டுவிட்டு, அலுவலகங்களைப் புதுப்பிக்கும் ஒரு சீனர் கம்பெனியில் சேர்ந்தார். அங்கேதான் அவருக்குச் சுவரோடு சம்பந்தம் ஏற்பட்டது. சுவர் என்றால் செங்கல் சுவர் இல்லை. இந்தக் காலத்து அலுவலகத்திலும் அடுக்குமாடி வீட்டிலும் அறையைப் பிரிக்க ஒரு சுவர் வைக்கிறார்களே, நடுவில் வெறும் காற்று, இரண்டு பக்கமும் ஜிப்சம் பலகை, அது. தட்டினால் தபேலா வாசிக்கும். கதவைக் கொஞ்சம் கோபமாகத் திறந்தால் போதும், கைப்பிடி போய் மோதி உள்ளங்கை அகலத்துக்கு ஓட்டை விழும். கோபக்காரர்கள் இருக்கும்வரை தனக்கு வேலை இருக்கும் என்பார் கொர்னேலியஸ்.

ஓட்டையைச் சதுரமாக வெட்டி, உள்ளே ஒரு கட்டையைத் திருகி, அதன்மேல் துண்டுப் பலகையை உட்கார வைத்து, ஓரத்தில் வலைநாடா ஒட்டி, மாவைப் பூசித் தேய்ப்பது யாருக்கும் வரும். அதற்குப் பிறகுதான் சங்கதி. பழைய சுவர் வழவழவென்று இருக்காது. ரோலர் உருட்டிய புள்ளிகள் ஆரஞ்சுப் பழத் தோல் மாதிரி பரவியிருக்கும். ஒட்டுப்போட்ட இடத்திலும் அதே புள்ளி, அதே மேடு, அதே பள்ளம் வர வேண்டும். இதற்குத் 'தோல் போடுவது' என்று கொர்னேலியஸ் பெயர் வைத்திருந்தார். பழைய ரோலர், கடற்பஞ்சு, தேங்காய் நார், பல் துலக்கும் பிரஷ் என்று சுவருக்குச் சுவர் ஆயுதம் மாறும். அவர் மனைவி உர்சுலாவின் இடியாப்பத் தட்டு ஒருமுறை பெட்டாலிங் ஜெயா வரை போய் வேலை பார்த்துவிட்டுத் திரும்பியிருக்கிறது.

வேலை முடிந்ததும் வீட்டுக்காரரைக் கூப்பிட்டுச் சுவர் முன்னால் நிறுத்துவார். "எங்கே, கண்டுபிடிங்க பாப்போம். தெரியுதா? தெரியுதா? கண்டுபிடிச்சா இன்னொருதரம் சும்மாவே செஞ்சு தரேன்!" முப்பது வருஷத்தில் யாரும் கண்டுபிடித்ததில்லை.

அறுபதைத் தாண்டியதும் இரண்டு கண்ணிலும் புரை விழுந்தது. கொர்னேலியஸ் யாரிடமும் மூச்சு விடவில்லை. மூன்று வருஷம் கண்ணாடியைத் துடைத்துத் துடைத்தே ஓட்டினார். ஒரு ஞாயிற்றுக்கிழமை தேவாலய வாசலில் தொங்கிய வெள்ளைத் திரைச்சீலையைப் பார்த்து, "குட் மார்னிங், ஃபாதர்" என்று அவர் தலை வணங்கியபோதுதான் உர்சுலாவுக்கு விஷயம் புரிந்தது. மறுநாளே மருத்துவமனைக்கு இழுத்துக்கொண்டு போனார். முதலில் வலது கண்ணுக்கு அறுவை சிகிச்சை நடந்தது.

கட்டைப் பிரித்துவிட்டு வீட்டுக்கு வந்த கொர்னேலியஸ் வரவேற்பறையில் அப்படியே நின்றார்.

"உர்சுலா, இது என்னா?"

"எது?"

"சுவத்துல. டிவி பக்கத்துல. பிளாஸ்திரி ஒட்டுன மாதிரி."

"அது நீங்க அடைச்ச ஓட்டை. அலமாரி இடிச்சுச்சே, ரெண்டு வருஷம் ஆச்சு."

"இப்படியா இருந்துச்சு?"

"அன்னிலேர்ந்து இப்படித்தான் இருக்கு."

"ஏன் சொல்லல?"

"சொந்த வீடுதானேன்னு அவசரமா முடிச்சிட்டீங்க, அப்புறமாத் தோல் போடுவீங்கன்னு நெனச்சேன். போடல. எனக்கும் பழகிப்போச்சு."

கொர்னேலியஸ் நாற்காலியைத் தடவி உட்கார்ந்தார். பார்வை வந்த பிறகும் தடவித்தான் உட்கார்ந்தார். தன் வீட்டிலேயே இந்த லட்சணம் என்றால், அந்த மூன்று வருஷத்தில் ஊரெல்லாம் அடைத்த ஓட்டைகளின் கதி என்ன? ஒருவர்கூடக் குறை சொல்லவில்லை என்று அதுவரை பெருமைப்பட்டவருக்கு இப்போது அதுவே சந்தேகத்தைக் கிளப்பியது. நம் ஆட்கள் எப்போது முகத்துக்கு நேரே குறை சொன்னார்கள்? "சூப்பர் அங்கிள்" என்று சொல்லி, மைலோ கலக்கிக் கொடுத்து, வாசல்வரை வந்து அனுப்பிவிட்டு, அந்த இடத்தில் ஒரு காலண்டரை மாட்டிவிடுவார்கள். இத்தனை நாளும் பாவம் பார்த்துத்தான் தன்னைக் கூப்பிட்டார்களோ?

அன்றைக்குப் பார்த்து, கிள்ளானை அடுத்த மேருவில் ஒரு தொழிற்சாலை அலுவலகத்திலிருந்து அழைப்பு வந்தது. ஐந்து அறை, பதினொரு ஓட்டை. "மூணு வாரத்துல சொல்றேன், பாஸ்" என்று வைத்துவிட்டார். உர்சுலாவிடம் தீர்மானமாகச் சொன்னார்: "மூணு வீட்டுச் சுவத்தப் பாக்கணும். மூணும் கண்ணு ரொம்ப மோசமா இருந்தப்ப செஞ்சது. மூணும் இதே மாதிரி இருந்துச்சுன்னா, கரண்டியத் தூக்கிப் போட்டுடறேன். மேருவுக்கு முடியாதுன்னு சொல்லிடலாம்."

ஆனால் எப்படிப் பார்ப்பது? கதவைத் தட்டி, 'உங்கள் சுவரை நான் பாழாக்கினேனா என்று பார்க்க வந்தேன்' என்று சொல்ல முடியுமா? நல்லவேளை, மூன்றாம் வாரம் தீபாவளி. மூன்று வீட்டிலும் திறந்த இல்ல உபசரிப்பு, தெரிந்தவர் யாரும் வந்து சாப்பிட்டுப் போகலாம். வருஷா வருஷம் மூவரும் அழைப்பார்கள். இவர்கள் ஏதாவது ஒரு வீட்டுக்குப் போய்த் தலையைக் காட்டுவார்கள். இந்த முறை மூன்றுக்கும் போவது என்று முடிவானது. உர்சுலா மூன்று கேக் செய்தார். கொர்னேலியஸ் மருத்துவமனையில் கொடுத்த கறுப்புக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, சட்டைப் பையில் ஒரு டார்ச் லைட்டைச் செருகிக்கொண்டார். இடது கண் இன்னும் பாக்கி என்பதால் வேனை உர்சுலா ஓட்டினார். தீபாவளி அன்று ஃபெடரல் நெடுஞ்சாலை காலியாகக் கிடக்கும். அதில் உர்சுலா போன வேகத்துக்கு, ஓரத்தில் நடந்துபோன ஒரு கோழி இவர்களை முந்திக்கொண்டு போனது.

முதல் வீடு பிரிக்ஃபீல்ட்ஸில், பதினாலாவது மாடியில். தம்புசாமி ரயில் ஓட்டி ஓய்வு பெற்றவர், எண்பது வயது. கொர்னேலியஸின் அப்பா கேட்டை மூடிய காலத்தில் விசில் ஊதிக்கொண்டு கடந்துபோனவர்.

"வா தம்பி! என்னா கறுப்புக் கண்ணாடி? சினிமாவுல சேந்துட்டியா?"

"கண்ணு ஆபரேஷன், அண்ணே. நல்லா ஆயிடுச்சு. அண்ணே, ரூம்ல ஒரு ஓட்டை அடைச்சேனே, அது எப்படி இருக்கு?"

"எந்த ஓட்டை?"

"கதவுக் கைப்பிடி இடிச்சது."

"ஓ, அதுவா. வா, காட்டுறேன்."

கதவுக்குப் பின்னால் போனார்கள். கொர்னேலியஸ் டார்ச்சைச் சுவரோடு சுவராக, பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்தார். அப்படி வெளிச்சம் அடித்தால் தலைமுடி அளவு மேடு இருந்தாலும் நிழல் விழுந்து காட்டிக்கொடுத்துவிடும். ஒரு நிழலும் விழவில்லை. புறங்கையால் தடவிப் பார்த்தார். ஒன்றும் தட்டுப்படவில்லை.

"இந்தக் கதவு இல்ல போல தம்பி. அந்த ரூமா இருக்கும்."

"இல்ல அண்ணே, இதுதான். ஜன்னல் இந்தப் பக்கம் இருந்துச்சு."

"என் வீட்டு ஓட்டை எனக்குத் தெரியாதா? வா லா!"

அந்த அறையிலும் இல்லை. இரண்டு கிழவர்களும் டார்ச்சோடு வீடு முழுக்கத் தேடியதைப் பார்த்து, தம்புசாமியின் மருமகள் கரண்ட் போய்விட்டது என்று நினைத்து மெழுகுவத்தி கொண்டு வந்தாள்.

கொர்னேலியஸ் இரண்டு தோசையும் ஆட்டுக்கறியும் சாப்பிட்டுவிட்டுக் கீழே வந்தார். பாதி உயிர் திரும்பியிருந்தது.

இரண்டாவது வீடு சுபாங் ஜெயாவில். யுகேந்திரனும் அவன் மனைவி தாமரையும் புதிதாக வாங்கிய வீடு. தங்கமான பிள்ளைகள். உள்ளே நுழைந்ததும் கொர்னேலியஸின் ஒற்றைக் கண் நேராகச் சாப்பாட்டு மேசைக்குப் பின்னால் போயிற்று. சரியாக அந்த இடத்தில் ஒரு காலண்டர். நகைக்கடை கொடுத்தது, முருகன் படம். காலண்டர் மாட்டுவது குற்றமில்லை. ஆனால் அது போன வருஷத்துக் காலண்டர். டிசம்பர் மாதத்தோடு நின்றுபோயிருந்தது.

விருந்தினர் எல்லாரும் வாசலில் கம்பி மத்தாப்பு பார்த்துக்கொண்டிருந்த நேரம், மெல்லப் போய்க் காலண்டரைத் தூக்கினார். டார்ச்சே தேவைப்படவில்லை. புள்ளி புள்ளியான சுவரின் நடுவில் மாவு பூசிய இடம் மட்டும் வழவழவென்று ஒரு வட்டம், அப்பளம் ஒட்டி வைத்த மாதிரி.

"அங்கிள்…"

பின்னால் தாமரை, கையில் முறுக்குத் தட்டு.

"எப்பலேர்ந்து தெரியுது, தாமரை?"

"அன்னிக்கேதான், அங்கிள்."

"அப்ப ஏம்மா சொல்லல? நான்தான் கேட்டேனே, தெரியுதா தெரியுதான்னு."

"நீங்க அவ்வளவு சந்தோஷமா சிரிச்சிக்கிட்டுக் கேட்டீங்க. எப்படி அங்கிள் தெரியுதுன்னு சொல்றது? அவரும் சொல்லாத லான்னு கண்ணக் காட்டுனாரு." அவள் முகம் சிவந்தது. "சாரி அங்கிள். தீபாவளியும் அதுவுமா… முறுக்கு எடுத்துக்குங்க."

"புதன்கிழமை வரேன்மா. சரி பண்ணிக் குடுத்துடறேன்."

முறுக்கை எடுத்தார். கடிக்கவில்லை. கையில் பிடித்தபடியே வேனில் வந்து ஏறினார்.

"வீட்டுக்குப் போ, உர்சுலா. பாத்தது போதும்."

"ஒண்ணு நல்லா இருந்துச்சே."

"தம்புசாமி அண்ணன் வீட்டுல எந்தச் சுவருன்னே தெரியல. அத எப்படிக் கணக்குல சேக்கறது? வீட்டுக்குப் போ."

"மூணாவது கேக்கை யாரு திங்கிறது?" என்று கேட்டுவிட்டு, வீட்டுக்குத் திரும்ப வேண்டிய சந்திப்பைத் தாண்டி உர்சுலா நேராக ஓட்டினார்.

மூன்றாவது வீடு இவர்கள் குடியிருக்கும் கிள்ளானிலேயே இருக்கிறது. லோகேஸ்வரி டீச்சர் வீடு. தமிழ்ப்பள்ளியில் முப்பத்தைந்து வருஷம் பாடம் நடத்தி ஓய்வு பெற்றவர். கொர்னேலியஸ் அதிகம் பயந்தது இந்தச் சுவருக்குத்தான். டீச்சர் கைகாட்டி மட்டும் அவருக்குப் பதினாலு வீட்டு வேலை கிடைத்திருந்தது. அந்தச் சுவரே பொய் என்றால் பதினாலும் பொய்.

டீச்சர் வாசலிலேயே நின்றிருந்தார். "வாங்க கொர்னேலியஸ். போன வருஷம் வரல, அதுக்கு முந்தின வருஷமும் வரல. இந்த வருஷம் கறி நல்லா இருக்கும்னு யாராவது சொன்னாங்களா? உர்சுலா, கேக்ல இந்தத் தடவையாவது முந்திரி போட்டிருக்கியா?"

கொர்னேலியஸ் உட்காரவில்லை. "டீச்சர், ஒரு உண்மையச் சொல்லணும். உங்க சுவத்த அடைச்சப்ப எனக்குக் கண்ணு தெரியல."

கூடத்தில் சாப்பிட்டுக்கொண்டிருந்த ஏழெட்டுப் பேர் நிமிர்ந்தார்கள்.

"எந்த அளவுக்குத் தெரியல?"

"ஓட்டையக் கையால தடவித்தான் கண்டுபிடிச்சேன்."

"படுபாவி!" என்றார் டீச்சர். "மூணு நாள் தேடுனேன்யா! கண்டுபிடிச்சா சும்மா செஞ்சு தரேன்னு சவடால் விட்டுட்டுப் போனீங்களே, உங்களத் திரும்பக் கூப்பிட்டு நாலு வார்த்தை கேக்கணும்னு மூணு நாள் அந்தச் சுவத்த மேஞ்சேன். பூதக்கண்ணாடி வச்சுப் பாத்தேன். கெடைக்கல. பதினாலு பேருக்கு எதுக்கு உங்க நம்பரக் குடுத்தேன்? ஒரு ஆளாவது குத்தம் கண்டுபிடிச்சு எனக்குப் போன் பண்ணுவான்னு! ஒருத்தனும் பண்ணல. கடைசியில கண்ணு தெரியாத ஆளுகிட்டயா தோத்துப் போனேன்?"

கொர்னேலியஸ் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றினார். ஊரில் யாருடைய தயவுதாட்சண்யத்தைச் சந்தேகப்பட்டாலும் இந்த அம்மாளிடம் அது மருந்துக்கும் கிடையாது. கோயில் நிர்வாகக் குழுத் தலைவர் இவரைக் கண்டால் செருப்பை விட்டுவிட்டு ஓடுவார். பஞ்சாங்கத்தில் ராகுகாலம் தப்பாக அச்சாகியிருக்கிறது என்று அச்சகத்துக்கே கடிதம் போட்டவர். அப்படிப்பட்டவர் இரண்டு வருஷம் வாயைத் திறக்கவில்லை என்றால், திறக்க அந்தச் சுவரில் ஒன்றும் இருக்கவில்லை.

டார்ச்சை எடுத்தார். டீச்சரும் கூடவே குனிந்தார். சுவரின் இந்த முனையிலிருந்து அந்த முனைவரை வெளிச்சம் வழுக்கிக்கொண்டு போயிற்று. புள்ளிகள் எல்லாம் ஒரே சீராக நின்றன.

"இங்கதான் டீச்சர் இருந்துச்சு. இடுப்பு உயரம்."

"இல்லவே இல்ல. தோள் உயரம். நீங்க அடைக்கவே இல்லன்னு நெனக்கிறேன். டீயக் குடிச்சிட்டுப் போயிருப்பீங்க."

"அப்ப ஓட்டை எங்க டீச்சர் போச்சு?"

கூடமே சிரித்தது. கொர்னேலியஸும் சிரித்தார். சிரித்துக்கொண்டே உட்கார்ந்தார். நாற்காலி எங்கே என்று தடவவில்லை. ஒரு நொடி யோசித்துவிட்டு உர்சுலாவிடம் தாழ்ந்த குரலில் சொன்னார்: "இப்பதான் வெளங்குது. டீச்சர் திட்டுவாங்கன்னு பயத்துல நாலு தரம் விரலால தடவித் தடவி, மேடு பள்ளம் பாத்துப் பாத்துத் தோல் போட்டேன். தம்புசாமி அண்ணன் அப்பாவுக்குக் கூட்டாளி, அங்கயும் பயம். தாமரை சிரிச்ச மொகமா மைலோ குடுத்துச்சு. கதை பேசிக்கிட்டே, தெரியாத கண்ண நம்பி அடிச்சிட்டேன்."

"அப்ப எனக்குக் கொஞ்சமாவது பயந்திருந்தா நம்ம வீட்டுச் சுவரும் நல்லா இருந்திருக்கும்" என்றார் உர்சுலா.

கொர்னேலியஸுக்கு அப்போது வந்த பசியைச் சொன்னால் நம்ப மாட்டீர்கள். ஆறு தோசை, இரண்டு தட்டு ஆட்டுக்கறிப் பிரட்டல், நெய் உருண்டை ஒரு டப்பா. நடுவில் இடது கையால் கைப்பேசியை எடுத்து மேருவுக்கு, "திங்கட்கிழமை வரேன், பாஸ்" என்று செய்தி அனுப்பச் சொல்லி உர்சுலாவிடம் கொடுத்தார்.

கை கழுவி வந்தவரை டீச்சர் விடவில்லை. சமையலறைக்குக் கூட்டிப் போய் மேலே காட்டினார். புதிதாகப் போட்ட பிளாஸ்டர் கூரை. "இது வேற ஒரு ஆளு செஞ்சது. மூணு தப்பு இருக்கு. அவன்கிட்டச் சொன்னேன், ஒத்துக்கல. பாருங்க, சொல்லுங்க."

கொர்னேலியஸ் அண்ணாந்து பார்த்தார். ஒற்றைக் கண்ணைச் சுருக்கி மூலை மூலையாக, அவசரப்படாமல் பார்த்தார்.

"நாலு, டீச்சர்" என்றார்.

"நாலாவது எங்கே?" லோகேஸ்வரி டீச்சர் ஸ்டூலை இழுத்துப் போட்டு ஏறினார்.