ஒலிவாங்கியை விட்டுத்தந்த அக்கா

அக்கா எங்களைப் பிரிந்து ஓராண்டு நிறைகிறது. இந்த நினைவு மலரில் அவரைப் பற்றி எழுதும் பொறுப்பைத் தம்பி என்னிடம் விட்டான். "நீங்கள்தானே எப்பவும் பக்கத்திலை நிண்டனீங்கள், சின்னக்கா" என்றான். இருபது ஆண்டுகளுக்கு மேலாக ஒரே மேடையில் அக்காவுக்கு ஓரடி தள்ளி நின்றவள் நான். மறுக்க முடியவில்லை.

அக்கா கோண்டாவிலில் எங்கள் பெற்றோரின் மூத்த பிள்ளையாகப் பிறந்தார். அப்பா முதலில் நோர்வேக்கு வந்து, வடக்கே ஒரு சிறிய துறைமுக ஊரில் மீன் தொழிற்சாலையில் வேலை செய்தார். அம்மாவோடு நாங்கள் வந்து சேர்ந்தபோது அக்காவுக்குப் பத்து வயது, எனக்கு ஆறு. அடுத்த ஆண்டு அங்கேயே தம்பி பிறந்தான்.

அந்த ஊரில் எந்த வீட்டு வானொலியைத் திருகினாலும் கன்ட்ரி இசைதான். அமெரிக்காவின் நாட்டுப்புறத்தில் பிறந்த அந்தப் பாட்டுகளை மீனவர்கள் தங்கள் சொந்தப் பாட்டுகளைப் போலப் பாடினார்கள். நோர்வேஜிய மொழி சரியாக வாயில் வருமுன்பே அக்காவுக்கு அந்த மெட்டுகள் வந்துவிட்டன. பள்ளிக்கூடத்துக் கிற்றாரை வெள்ளிக்கிழமைகளில் வீட்டுக்குக் கொண்டுபோக அனுமதித்தார்கள். திங்கட்கிழமை திருப்பிக் கொடுக்கும்போது அவருடைய விரல் நுனிகள் சிவந்திருக்கும்.

பின்னர் குடும்பம் ஒஸ்லோவுக்கு, ஹவுகெட்டோவில் ஒரு மாடி வீட்டுக்கு வந்தது. நான் கர்நாடக முறைப்படி வயலின் பழகினேன். தம்பி பெரிய பேஸ் கிற்றார் ஒன்றைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு திரிந்தான். அக்கா படித்து முடித்து ஒரு முதியோர் இல்லத்தில் பராமரிப்பாளராக வேலைக்குச் சேர்ந்தார். சாப்பாட்டுக்குப் பிறகு அங்குள்ளவர்களுக்குப் பாடுவார். தாயைப் பார்க்க வந்த ஒருவர் ஒரு நாள் அதைக் கேட்டார். மலைப்பக்கத்து ஊரொன்றில் கோடைகால இசைவிழா நடத்துகிறவர் அவர். "உங்களுக்கு இசைக்குழு இருக்கிறதா?" என்று கேட்டிருக்கிறார். "இருக்கிறது. நாங்கள் மூன்று பேர்" என்று அக்கா பதில் சொல்லிவிட்டு வந்தார். நாங்கள் மூவரும் அதுவரை ஒரு பாட்டைக்கூடச் சேர்ந்து வாசித்ததில்லை.

"அக்கா, கோடையிலை எனக்கு ஃபெரியெ. கூட்டாளிமாரோடை போறதெண்டு சொல்லிப்போட்டன்" என்றான், பள்ளி விடுமுறையை எண்ணியிருந்த பதினாறு வயதுத் தம்பி.

"அவையளை விழாவுக்கு வரச் சொல்லு. பாட்டுக் கேக்கட்டும்."

"எங்களுக்குப் பாட்டே தெரியாதே" என்றேன் நான்.

"ஏழு கிழமை இருக்கு. பதினொரு பாட்டு. பழகுவம்."

அம்மாவுக்கு இது பிடிக்கவில்லை. பெண் பிள்ளைகள் பியர் குடிக்கிற கூட்டத்தின் முன்னால் நின்று பாடுவதா என்று கேட்டார். அப்பா மீன் தொழிற்சாலையில் அந்தப் பாட்டுகளைக் கேட்டுக்கொண்டே ஆண்டுக்கணக்காகக் கத்தி பிடித்தவர். "வீட்டை விட்டுப் போனதைத்தான் அவங்களும் பாடுறாங்கள். போகட்டும் விடும்" என்றார். அம்மா அதற்கு மேல் தடுக்கவில்லை. ஆனால் எங்கள் நிகழ்ச்சி ஒன்றுக்கும் வரவும் இல்லை.

ஹவுகெட்டோ மூவர் என்று பெயர் வைத்துக்கொண்டு அந்த விழாவுக்குப் போனோம். மழை. வயல் முழுக்கச் சேறு. வாசலில் நின்றவர் எங்கள் காரைப் பார்த்ததும் சாப்பாட்டுக் கடைகள் இருந்த பக்கத்துக்குக் கையைக் காட்டினார். தம்பியின் முகம் கறுத்துவிட்டது. அக்கா கண்ணாடியை இறக்கி, கிற்றார்ப் பெட்டியைத் தட்டிக் காட்டி, "இதிலேதான் சமைக்கப்போகிறோம்" என்றார். அதை அவர் தாம் வளர்ந்த நோர்வே வடபகுதிப் பேச்சு வழக்கில் சொன்னார். அந்த மனிதர் ஒரு கணம் திகைத்துப் பிறகு வெட்கத்தோடு சிரித்தார். எங்கள் முறை வந்தபோது அவர் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு முன்வரிசையில் நின்றதை நான் கண்டேன்.

அதன் பிறகு பதினைந்து கோடைகள் அப்படிப் போயின. இரண்டு இசைத்தட்டுகள் வெளியிட்டோம். திருமணமாகி லோறென்ஸ்கூக்கில் வீடு வாங்கியபின் அக்காவின் கார்க் கொட்டகையே எங்கள் பயிற்சி இடமானது. அத்தானுக்கு ஒரு மெட்டுக்கும் இன்னொன்றுக்கும் வித்தியாசம் தெரியாது. ஆனால் ஒலிபெருக்கிகளைத் தூக்கி, வண்டி ஓட்டி, எங்களோடு நாடு முழுவதும் அலைந்தார்.

அக்காவோடு வேலை செய்வது இலகுவானதல்ல என்பதையும் சொல்லவேண்டும். ஒரே இடத்தை முப்பது தடவை வாசிக்க வைப்பார். ஒருமுறை தம்பி பேஸ் கிற்றாரைக் கழற்றி வைத்துவிட்டுப் பேசாமல் பேருந்து ஏறிப் போய்விட்டான். அடுத்த ஞாயிற்றுக்கிழமை அக்கா அவனுக்கு விருப்பமான கணவாய்க் கறியைச் சமைத்துவைத்துக் கூப்பிட்டார். மன்னிப்புக் கேட்கவில்லை. சாப்பிட்டு முடிந்ததும் அதே இடத்தை முப்பத்தோராவது தடவை வாசித்தோம்.

ஒஸ்லோ தமிழர்களின் பொங்கல் விழாவில் எங்களைச் சேர்ப்பதற்கு ஏற்பாட்டாளர்கள் முதலில் தயங்கினார்கள். "இது எங்கடை கலையோ, பிள்ளை?" என்று ஒருவர் கேட்டார். "ஒரு பாட்டு மட்டும் தாங்கோ" என்றார் அக்கா. அப்பாவின் முதல் குளிர்காலத்தைப் பற்றி அக்காவே தமிழில் எழுதி, கன்ட்ரி மெட்டில் அமைத்த பாட்டு அது. உறைந்த மீனைப் பிடித்த கை, உறைந்த கையால் எழுதிய கடிதம் என்று அது போகும். வடக்கே மீன் தொழிற்சாலைகளில் வேலை செய்த எத்தனையோ பேர் அந்த மண்டபத்தில் இருந்தார்கள். பாட்டு முடிந்தது. தயங்கிய அதே பெரியவர்தான் முதலில் எழுந்து நின்றார். அப்பாவும் அன்று அங்கே இருந்தார். அவர் காலமாவதற்கு முன் கேட்ட எங்கள் கடைசி நிகழ்ச்சி அதுவே.

பிறகுதான் அக்காவின் கழுத்தில் கட்டி கண்டுபிடிக்கப்பட்டது. சத்திரசிகிச்சை முடிந்து கண் விழித்தபோது அவருக்குக் குரல் இல்லை. குரல்வளை நரம்பு பலவீனப்பட்டிருக்கிறது, சில மாதங்களில் திரும்பக்கூடும் என்றார்கள். திரும்பவில்லை. காற்றுப்போல ஒரு கிசுகிசுப்பு மட்டும் மிஞ்சியது. நாட்டின் பெரிய கன்ட்ரி விழா ஒன்று எங்களை முதன்முறையாக அழைத்திருந்த ஆண்டு அது. இன்னும் மூன்று மாதங்களே இருந்தன.

தம்பியும் நானும் லோறென்ஸ்கூக் வீட்டுக்குப் போய், விழாவுக்கு வர இயலாது என்று எழுதிவிடுவோம் என்றோம். அக்கா மறுத்துத் தலையை ஆட்டினார்.

"தங்கச்சி பாடுவாள்."

"என்னாலை ஏலாது, அக்கா. நான் தனியப் பாடினதே இல்லை."

"உனக்கு எல்லாப் பாட்டும் தெரியும். நான் மூச்செடுக்கிற இடம்கூடத் தெரியும்."

அது உண்மைதான். அவர் மூச்செடுக்கும் இடைவெளிகளில்தான் என் வயலின் ஒலித்துவந்தது. ஆனால் வயலினைத் தாடையில் வைத்தால் முகத்தில் பாதி மறைந்துவிடும் என்பதாலேயே மேடைக்குத் துணிந்தவள் நான். அதை ஒருவரிடமும் சொன்னதில்லை. அக்காவுக்கு அது முன்பே தெரிந்திருந்தது.

முதல் பயிற்சியில் நான் அவரைப்போலவே பாடினேன். அவர் இழுக்கும் இடத்தில் இழுத்தேன், சிரிக்கும் இடத்தில் சிரித்தேன். அக்கா கிற்றார்ப் பலகையில் ஓங்கித் தட்டி நிறுத்தினார்.

"என்னை மாதிரிப் பாடாதை. நான் இன்னும் சாகேல்லை."

என் குரல் அவருடையதைவிடத் தாழ்ந்தது. பதினைந்து ஆண்டுகளாகப் பழகிய விரலடைவுகளை எல்லாம் மாற்றி, பாட்டு ஒவ்வொன்றையும் என் சுருதிக்கு இறக்கிப் புதிதாகப் பழகினார். அவர் அழுது நான் பார்க்கவில்லை. ஆனால் வாகனத்தில் இனிமேல் பாட்டுப் போட வேண்டாம் என்று அத்தானிடம் சொல்லியிருந்தாராம். அத்தான் இதைப் பல ஆண்டுகள் கழித்தே எனக்குச் சொன்னார்.

விழா மேடையில் அக்கா நடு ஒலிவாங்கியின் உயரத்தைத் தம் கையாலேயே எனக்கு ஏற்றபடி குறைத்துவைத்துவிட்டு இடப்பக்கம் போய் நின்றார். இரண்டாவது பாட்டில் எனக்கு வரிகள் மறந்துபோயின. இசை ஓடிக்கொண்டிருந்தது, என் வாய் திறக்கவில்லை. அக்கா கிற்றாரை விடாமல் வாசித்தபடி எனக்கு நேரே வந்து நின்று, சத்தமில்லாமல் உதடுகளால் அந்த வரிகளைப் பாடினார். அவர் உதட்டைப் பார்த்து நான் பாடினேன். பாட்டு முடியும்வரை அவர் அசையவில்லை. அக்காவும் தங்கையும் முகத்துக்கு முகம் பாடுவதாகச் சனங்கள் நினைத்து ஆரவாரம் செய்தார்கள்.

திரும்பும் வழியில் கேட்டேன்: "அக்கா, உங்களுக்கு நோகேல்லையே?"

"நோகுது. நீ பிழையாப் பாடினா இன்னும் கூட நோகும்" என்றார்.

அதற்குப் பிறகு ஆறு ஆண்டுகள் அக்கா பாட்டுகளை எழுதினார், நான் பாடினேன். எங்கள் மிக நல்ல பாட்டுகள் அந்த ஆறு ஆண்டுகளில் பிறந்தவை. மக்கள் என்னைப் புகழும்போது அவர் முகத்தில் பொறாமையின் நிழலைத் தேடியிருக்கிறேன். காணவில்லை. கோபத்தை மட்டும் கண்டேன், அதுவும் நான் பயிற்சிக்குப் பிந்தி வந்த நாட்களில்.

நோய் நுரையீரலுக்குப் பரவியதும் அக்கா வீட்டிலேயே இருக்க விரும்பினார். கிற்றார் பிடிக்க முடியாமல் போனபோது, படுக்கைக்குப் பக்கத்தில் மூன்று கிற்றார்க் கலைஞர்களை வரவழைத்து வாசிக்கச் சொன்னார். தமக்குப் பதிலாக ஒருவரைத் தாமே தெரிவு செய்யவேண்டுமாம். தம்பி, "இப்ப ஏன் இது?" என்று கேட்டுவிட்டு வெளியே போய்விட்டான். லில்லெஸ்ட்ரோமிலிருந்து வந்த ஓர் இளம்பெண்ணை அக்கா தெரிவு செய்தார். "இவள் மற்ற ஆக்களைக் கேட்டு வாசிக்கிறாள்" என்றார். ஐம்பது வயது நிறையாமல், நாங்கள் எல்லோரும் அருகில் இருக்க, ஓர் அதிகாலையில் கண் மூடினார்.

அந்த நாட்களில் வீடு வந்து கவனித்த தாதியர்களுக்கும், முதியோர் இல்லத்தில் அவரோடு வேலை செய்தவர்களுக்கும், முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிவரை எங்கள் அடுப்பை எரியவிடாமல் சமைத்துக் கொண்டுவந்த அயலவர்களுக்கும், பல மணி நேரம் வண்டியோட்டி இறுதிக்கிரியைக்கு வந்த இசைவிழா நண்பர்களுக்கும் எங்கள் மனமார்ந்த நன்றி. அத்தானுக்கும் அக்காவின் மகளுக்கும் நன்றி என்று சொன்னால் அவர்கள் கோபிப்பார்கள். ஆனாலும் சொல்கிறோம்.

இன்னொருவருக்கும் நன்றி சொல்லவேண்டும். அந்தியேட்டி கழிந்து பத்து நாட்களில், அக்கா உயிரோடிருக்கும்போதே ஒப்புக்கொண்ட விழா ஒன்று இருந்தது. ஆண்டுத் திவசத்துக்கு முன் மேடை ஏறலாமா என்று சிலர் கேட்டார்கள். அவர்களுக்கு அம்மா பதில் சொன்னார்: "அவள் வாக்குக் குடுத்தவள். போகட்டும். நானும் போறன்."

அம்மா மழையங்கி போட்டு, மடக்கு நாற்காலியில், முன்வரிசையில் கடைசிவரை இருந்தார். திரும்பும் வழியில் மழையங்கியை மடித்து மடியில் வைத்துக்கொண்டார்.

"அவள் இருக்கேக்கை ஒருக்காவெண்டாலும் வந்திருக்கலாம்" என்றார் பிறகு. தம்பி அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டான்.

சற்றுத் தூரம் போனதும் அம்மா கேட்டார்: "அடுத்தது எங்கை?"