கீழ் வரிசையில் கிடந்த சத்தம்

தேங்காய்ப்பட்டணத்தில் எங்கள் தெருவில் ஒரு கல்யாணம் நடந்தால் அதன் வீடியோ இரண்டாகப் பிரியும். நிக்காஹ், பந்தல், ஆண்களின் விருந்து எல்லாவற்றையும் ஸ்டுடியோக்காரர் எடுத்து, அவரே வெட்டி ஒட்டிக் கொடுப்பார். பெண்கள் பக்கத்தை வீட்டுப் பெண்களே செல்போனில் எடுப்பார்கள். மைலாஞ்சி என்று நாங்கள் சொல்லும் மருதாணி இடுவது, பாட்டு, கைதட்டல், முக்காடு நழுவியதைக் கவனிக்காமல் சிரிக்கும் சிரிப்பு. முன்பின் தெரியாத ஆண் ஒருவர் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து அதைத் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்ப்பதை யாரும் விரும்புவதில்லை. அதனால் அந்தத் துண்டுகள் போனிலேயே கிடந்து, போன் பழுதாகும்போது அதோடு போய்விடும். ஜுபைதா மாமி கம்ப்யூட்டரைத் தொடும்வரை இப்படித்தான் இருந்தது.

ஜுபைதா பீவி எங்களுக்கு அடுத்த வீடு. கணவர் முகம்மது ஹனீபா ஓமானில், ஸலாலாவில் ஒரு மளிகைக் கடையில் இருக்கிறார். சொந்த மகளின் கல்யாணத்துக்கே அவருக்கு லீவு கிடைக்கவில்லை. ஸ்டுடியோ கொடுத்த வீடியோவைப் பார்த்துவிட்டு, "இதுல எனக்க மொவ எங்க?" என்று கேட்டாராம். மகள் இருந்தது உறவுக்காரப் பெண்களின் போன்களில், நூறு துண்டுகளாக. கல்லூரியில் படிக்கும் மகன் தன்னுடைய பழைய லேப்டாப்பில் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் எடிட்டிங் மென்பொருள் ஒன்றை ஏற்றிக் கொடுத்துவிட்டு விடுதிக்குப் போய்விட்டான். மாமி தானே யூடியூப் பார்த்து, தப்புத் தப்பாக அழுத்தி, தலைகீழாக நின்ற துண்டுகளை நேராக்கி, ஒரு வீடியோ செய்து அனுப்பினார். அதைப் பார்த்து ஹனீபா மாமா போனில் அழுததை நாங்கள் சுவருக்கு இந்தப் பக்கமிருந்து கேட்டோம்.

அதன் பிறகு தெருவே வந்தது. பெண் வீட்டு மைலாஞ்சி, மாப்பிள்ளை வீட்டு வலிமா விருந்து என்று இரண்டு பக்கத் துண்டுகளும் மாமியிடம் வரும். எதை வைக்க வேண்டும், எதை எடுக்க வேண்டும் என்று யாரும் சொல்லமாட்டார்கள். அது மாமிக்குத் தெரியும் என்று எல்லோருக்கும் தெரியும். முடிந்த வீடியோ ஒரு பென்டிரைவில் மணப்பெண்ணின் கையில் மட்டும்தான் போகும்.

நான் பி.காம். முடித்துவிட்டு வேலைக்கு மனுப் போட்டுக்கொண்டிருந்த மாதங்களில் அதிக நேரம் அங்கேதான் இருந்தேன். எங்கள் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். ஒரு பெண்பிள்ளை அடுத்து என்ன செய்ய வேண்டும் என்று கேட்க வீட்டில் யாரும் இல்லை. மாமி என்னிடம் எதுவும் கேட்டதில்லை. அதுவே நான் அங்கே போகக் காரணமாக இருந்திருக்கலாம்.

மாமியின் வேலையில் ஒரு வினோதம் உண்டு. சத்தத்தை முழுக்க அணைத்துவிட்டுத்தான் எடிட் செய்வார். லேப்டாப் இருந்தது நடு அறையில். முன்னறையில் படுக்கையில் மாமனார். அவரைப் பார்க்க ஆண்கள் வந்துகொண்டே இருப்பார்கள். கல்யாண வீட்டுப் பெண்களின் சிரிப்பு அங்கே கேட்கக் கூடாது. இயர்போன் மாட்டினால் மாமனார் கூப்பிடுவது காதில் விழாது. ஆகவே கண்ணால் மட்டும் வேலை. கடைசியில் எல்லாச் சத்தத்தையும் பூஜ்யமாக்கி, மேலே தஃப் மேளம் தட்டிப் பாடும் ஒரு பாட்டை ஓடவிடுவார். அதனால் ஒரு குறையும் வந்ததில்லை.

சஃப்னாவின் வீடியோவில்தான் வந்தது.

சஃப்னா பின் தெருப் பெண். குளச்சலில் ஃபாயிஸ் என்ற பையனுக்குக் கட்டிக் கொடுத்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. அவள் ஒன்று கேட்டிருந்தாள். "மாமி, மைலாஞ்சிக்கு எனக்க உம்மா பாடுனத அப்படியே வையுங்க. மேல வேற பாட்டு போடாண்டாம்." மாமியும் அந்தப் பகுதியில் மட்டும் அசல் சத்தத்தை விட்டுவைத்தார்.

அந்தப் பாட்டுக்கு நடுவே ஒரு பேச்சு இருந்தது. மைலாஞ்சி இட்ட அன்று மாமியும் நானும் அந்த அறையில் இருந்தோம், கேட்டுச் சிரித்தோம். பெண் பார்க்க வந்தபோது ஃபாயிஸின் உம்மா ஹலீமா பீவி சஃப்னாவின் பின்னலைப் பிடித்து, சொந்த முடியா என்று இழுத்துப் பார்த்தாராம். ஒருத்தி அதை நடித்துக் காட்ட, மைலாஞ்சி ஈரம் காயாத கையை நீட்டியபடி சஃப்னாவே சொன்னாள்: "சந்தையில மீனுக்கு செவுளத் தூக்கிப் பாப்பாவல்லியா, அதேதான். நல்ல வேள, மூக்குல வச்சு மணத்திப் பாக்கல்ல."

மாமி அந்த இடத்தை மறக்கவில்லை. அங்கே வெட்டினால் பாட்டு துண்டாகிவிடும் என்று, மேல் வரிசையில் சஃப்னாவின் மைலாஞ்சிக் கைகளின் புகைப்படங்களை அடுக்கி மூடிவிட்டார். வழக்கம்போல் சத்தமில்லாமல் ஓட்டிப் பார்த்தார். நடிப்பும் சிரிப்பும் மறைந்து கைகள் மட்டும் அழகாகத் தெரிந்தன. பென்டிரைவ் குளச்சலுக்குப் போனது.

வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகைக்கு மாமனாரை மாமியின் கொழுந்தன் ஆட்டோவில் கூட்டிப்போயிருந்தார். வீட்டில் ஆணே இல்லை. "மாமி, சஃப்னாக்க உம்மா பாட்ட ஒருக்கா கேக்கணும்" என்றேன். மாமி சிரித்துக்கொண்டே சத்தத்தைத் திறந்தார்.

பாட்டு வந்தது. கைகள் வந்தன. ஒன்றன்பின் ஒன்றாக வந்த அந்தச் சிவந்த கைகளுக்கு மேல் சஃப்னாவின் குரல் தெளிவாகச் சொன்னது: "சந்தையில மீனுக்கு..."

மாமி லேப்டாப்பை அறைந்து மூடினார். மறுபடி திறந்தார். திரையின் கீழ்ப்பாதியில் மேல் வரிசையில் புகைப்படங்கள். அவற்றுக்கு அடியில், கீழ் வரிசையில், பழைய துண்டு முழுசாகக் கிடந்தது. அதன் சத்தம் பச்சை நிறத்தில் முள்முள்ளாக எழுந்து நின்றது. படத்தைப் படம் மூடும். சத்தத்தை மூடாது. மாமி அந்தப் பச்சையை எத்தனையோ முறை பார்த்திருக்கிறார். நானும்தான் பார்த்திருக்கிறேன்.

"இன்னிக்கு அஸர் தொழுகைக்குப் பெறவு அங்க எல்லாரும் கூடிப் பாக்காவன்னு சஃப்னா சொன்னாளே" என்றார் மாமி.

உடனே சஃப்னாவை அழைத்தார். எடுத்தது ஹலீமா பீவி.

"சஃப்னா அடுக்களையில நிக்கா. என்ன ஜுபைதா?"

"ஒண்ணுமில்ல இத்தா. நானும் வரட்டான்னு கேக்கத்தான்."

"இதென்ன கேள்வி? வா. எனக்க தங்கச்சிமாரெல்லாம் வாறாவ."

"நான் வந்த பெறவு போட்டாப் போதும்."

"பாப்போம். ஆளு கூடுனா நிக்கமாட்டாவ கேட்டியா."

வாட்ஸாப்பில் எழுதி அனுப்பலாமா என்று கேட்டேன். "அந்தப் போனு யாரு கையில இருக்குன்னு இப்பதான பாத்தே" என்றார்.

கீழ்த் துண்டை இரண்டு பக்கமும் வெட்டி, நடுவில் இருந்ததன் சத்தத்தைப் பூஜ்யமாக்குவது சின்ன வேலை. அதை மறுபடி ஒரே வீடியோவாக ஆக்கி எடுப்பதுதான் நேரம் பிடிக்கும். பழைய லேப்டாப். மின்விசிறி போல இரைந்தது. பேட்டரி செத்து வருஷமாகிறது, கரண்ட் போனால் எல்லாம் போச்சு. மாமி படத்தின் அளவைக் குறைத்தார். "மங்கட்டும். முடிஞ்சாப் போதும்."

அந்தப் பட்டை நகர்வதை நின்றுகொண்டே பார்த்தோம். புதுப்பெண் மாமியார் வீட்டில் இருக்கப்போவது ஒரு நாளா, இரண்டு நாளா? அந்த ஒரு வாக்கியம் ஹலீமா பீவியின் காதில் விழுந்தால் அது அந்த வீட்டில் எத்தனை வருஷம் கிடக்கும்? அதைக் கேட்டுச் சிரித்தவர்களில் நானும் ஒருத்தி.

"மாமி, சஃப்னா இது தெரியாம உக்காந்து பாப்பாளே."

"வாய மூடு மோளே. ஸலவாத்து சொல்லு."

முடிந்ததும் பென்டிரைவைப் பிடுங்கிக்கொண்டு ஓடினோம். கருங்கல் ஊரில் பஸ் மாற வேண்டும். சந்தை நெரிசலில் பஸ் நகரவே இல்லை. மாமி பென்டிரைவை உள்ளங்கையில் வைத்து இறுக்கியிருந்தார். பக்கத்து சீட்டுப் பெண் கேட்டாள், "ஆஸ்பத்திரிக்கா போறிய?" மாமி ஆமாம் என்று தலையாட்டினார்.

ஃபாயிஸின் வீட்டு முன்கதவு சாத்தியிருந்தது. வெளியே செருப்புகள் குவிந்து கிடந்தன. எல்லாம் பெண்களின் செருப்பு. உள்ளிருந்து பாட்டு கேட்டது. சஃப்னாவின் உம்மா பாடிக்கொண்டிருந்தார்.

கதவைத் திறந்ததும், "வா வா, இங்கன இரி" என்று யாரோ இடம் விட்டார்கள். பெரிய டி.வி. அதற்கு நேர் எதிரே நாற்காலியில் ஹலீமா பீவி. சஃப்னா சுவரோரம் சாயாத் தட்டோடு நின்றாள். எங்களைக் கண்டதும் அவள் முகம் மலர்ந்தது. அவளுக்கு இன்னும் எதுவும் தெரியாது.

திரையில் முதல் கை வந்தது.

டி.வி.க்கும் எங்களுக்கும் நடுவே பாய் நிறையப் பெண்கள். தாண்டிப் போக வழியில்லை. ரிமோட் ஹலீமா பீவியின் மடியில். சிரிப்பொலி தொடங்கியது. பேச்சின் முதல் சொல் வந்ததும் சஃப்னா சட்டென்று எங்கள் பக்கம் திரும்பினாள். அவளுக்குத் தெரிந்துவிட்டது.

மாமி நின்ற இடத்திலேயே வாயருகே கையை வைத்து ஓங்கிக் குரவை இட்டார்.

அடிவயிற்றிலிருந்து வந்த குரவை. கூடியிருந்தவர்கள் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்கள். மைலாஞ்சிக் கையைக் கண்டு குரவை கேட்டால் எங்கள் பெண்களுக்கு வாய் சும்மா இருக்காது. ஒரு கிழவி சேர்ந்துகொண்டாள், பிறகு இரண்டு பேர், பிறகு அறை முழுவதும். நானும் தொண்டை கிழிய இட்டேன். கைகள் ஒன்றொன்றாகப் போய், கடைசியில் சஃப்னாவின் உம்மா முகம் வந்தது. மாமி கையை எடுத்தார். பாட்டின் கடைசி வரி கேட்டது.

ஹலீமா பீவி ரிமோட்டை எடுத்து வீடியோவை நிறுத்தினார்.

"நல்ல குரவதான். ஆனா நீங்க இட்டதுல ஒண்ணும் கேக்கல்ல. அந்தக் கை வந்த இடத்த இன்னொருக்கா போடுவோம்."

"இத்தா, போடாதிய." மாமி பாயின் நடுவே கால் வைத்து முன்னால் போனார். "இந்தப் பென்டிரைவுல போடுங்க."

"இதுல என்ன கேடு?"

"அதுல ஒரு தப்பு உண்டு."

மாமியே மாற்றினார். அதே இடம் வந்தது. கைகள் மங்கலாகத் தெரிந்தன. பாட்டு சட்டென்று நின்று, அறை அமைதியானது.

"மங்கலா இருக்கு. சத்தமும் இல்ல" என்றார் ஹலீமா பீவி. "முந்தினதுல ஆளுவ பேசுனாவல்லியா?"

டி.வி. சரியில்லை என்று சொல்ல என் வாய் தயாராக இருந்தது. மாமி சொன்னார், "பேசுனாவ. நான்தான் எடுத்தேன். முந்தினதுல எடுக்க விட்டுப்போச்சு."

"யாரு பேசுனா? என்ன பேசுனா?"

சஃப்னா தரையைப் பார்த்தாள்.

"இத்தா, பெண்ணுவ கூடுனா என்னெல்லாமோ பறைவாவ. கேமரா ஓடுதுன்னு ஓர்மை இருக்காது. பாட்ட வச்சிட்டு மத்தத எடுத்திருவேன். எனக்க வேல அதுதான்." மாமி நாற்காலியை நெருங்கினார். "வலிமா அன்னிக்கு இந்த வீட்டு அடுக்களையில பறஞ்சதும் எனக்க கிட்ட வந்துது. உங்க மொவ போனுலதான் இருந்துது. அதையும் எடுத்துட்டுத்தான் தந்தேன்."

ஃபாயிஸின் தங்கை தலை குனிந்தாள். ஹலீமா பீவியின் தங்கைகளில் ஒருத்தி முக்காட்டைச் சரிசெய்தாள். ஹலீமா பீவி மாமி பக்கம் திரும்பினார்.

"நான் பறஞ்சதா?"

"யாரு பறஞ்சான்னும் பறையமாட்டேன், என்னான்னும் பறையமாட்டேன்."

மாமி அப்படிச் சொன்னது மன்னிப்புக் கேட்டதா, மிரட்டியதா என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை. மாமியின் குரலில் இரண்டும் இல்லை. பயம் மட்டும் இருந்தது. அந்த நேரத்தில் ஹலீமா பீவி எழுந்து எங்களை வெளியே போகச் சொல்லியிருந்தால் சஃப்னாவின் கதை வேறாக இருந்திருக்கும்.

ஹலீமா பீவி ரிமோட்டைக் கீழே வைத்தார்.

"சாயா ஆறுது. சஃப்னா, நிக்காத. தட்ட வச்சிட்டு எனக்க பக்கத்துல வந்து இரி. ஜுபைதா, உனக்க கையால அடுத்ததப் போடு."

சஃப்னா போய் உட்கார்ந்தாள். நாற்காலிக்குப் பக்கத்தில், தரையில். வீடியோ முடியும்வரை இருவரும் அங்கிருந்து எழுந்து போகவில்லை.

புறப்படும்போது ஹலீமா பீவி வாசல்வரை வந்தார். பழைய பென்டிரைவை மாமியின் கையில் திணித்தார்.

"அந்த அடுக்களைப் பேச்சு உனக்க கம்ப்யூட்டர்ல கெடக்கா?"

"கெடக்கு."

"அழி."

"அழிப்பேன் இத்தா."

"சஃப்னா பேசுனதும்?"

"ரெண்டும்."

வீட்டுக்கு வந்ததும் மாமி தொழுதுவிட்டு லேப்டாப் முன்னால் உட்கார்ந்தார். வலிமா நாள் துண்டையும் மைலாஞ்சித் துண்டையும் தேடி எடுத்தார். நான் பக்கத்தில் இருந்தேன். முன்னறையில் மாமனார் தூங்கிக்கொண்டிருந்தார்.

"மாமி, அந்த வலிமா துண்ட ஒருக்கா கேட்டுட்டு அழிப்போமா? அவிய என்ன சொன்னாவன்னு..."

மாமி என்னைத் திரும்பிப் பார்த்தார். கோபமில்லை. என்னை இதற்கு முன் பார்த்திராதது போன்ற ஒரு பார்வை.

"நீ கேக்காண்டாம்" என்று சொல்லி, இரண்டையும் அழித்தார். குப்பைத்தொட்டிக்குள் போய் அங்கிருந்தும் அழித்தார்.